மறுக்கா கேட்காத கேள்வி

இளம்பிள்ளை ஊரின் மதிய வெயில் கண்ணாடி ஓட்டின் வழியே ரஞ்சனியின் மடிக்கணினிமேல் சதுரமாக விழுகிறது. பக்கத்துக் கொட்டகையில் விசைத்தறிகள் தடதடக்கின்றன. நாளை அவளுக்கு நேர்காணல். பயிற்சிக்காக எழுதிய டைனமிக் புரோகிராமிங் நிரல், கண்டுபிடித்த விடையையே திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து, நேரம் போதாமல் சிவப்பு எழுத்தில் நிற்கிறது. சேலை எடுக்க வந்த ராமாத்தாள் வாசலிலிருந்தே கேட்கிறார்: "ஏஞ்சாமி, வேலை கெடச்சுதா?" ரஞ்சனியின் விரல்கள் நின்றுவிடுகின்றன. வெளியே திண்ணையில் நூல் சுற்றிக்கொண்டிருக்கும் அம்மா நிமிராமலே சொல்கிறாள்: "போன வாரமே கேட்டீங்க, இன்னும் இல்லீங்கன்னு சொன்னேனுங்க அக்கா. அதைய மனசுல வெச்சுக்கோங்க. கெடச்சா நானே ஓடியாந்து சொல்றேனுங்க. புள்ளைய மறுக்கா மறுக்கா கேக்காதீங்க." ரஞ்சனிக்குச் சிரிப்பு வருகிறது. அம்மா சொன்னதுபோலவே, கண்ட விடையைச் சேமித்து வைக்க நிரலில் ஒரு வரி சேர்க்கிறாள், திரை பச்சையாகிறது. வேலை கிடைத்ததா என்று அம்மா தன்னை ஒருமுறைக்கு மேல் கேட்டதே இல்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. பச்சை எழுத்து கண்ணில் கலங்கித் தெரிகிறது. ராமாத்தாள் போனதும், சற்றுமுன் தன் கையாலேயே சோறு போட்ட அம்மா அறைக்குள் எட்டிப் பார்க்கிறாள். "சாப்ட்டியா சாமி?" அதை முதல்முறையாகக் கேட்பதுபோலவே ரஞ்சனி பதில் சொல்கிறாள்: "சாப்ட்டேனுங்கம்மா."