பெட்டி நகராது

"அந்தப் பெட்டியில கை வச்சீங்கன்னா, நான் வேலையை விட்டுட்டுப் போயிடுவேன் சார்."

தலைமைக் கணக்காளரம்மா அலமாரியில் சாய்ந்து நின்றுகொண்டு சொன்னார். உள்ளே, கம்பெனியின் மொத்தக் கணக்கையும் சுமந்தபடி பழைய சர்வர் பெட்டி இரவும் பகலும் சூடாக ஓடிக்கொண்டிருந்தது. சூடு வெளியேற எப்போதும் திறந்தே கிடக்கும் அலமாரிக் கதவு இன்று சாத்தியிருந்தது.

முதலாளி பலமாகத் தும்மினார். "இந்த ரூமுக்கு வந்தாலே தும்மல்தான். எல்லாம் இந்தக் கிழட்டு மெஷின் தூசி. கணக்கையெல்லாம் கிளவுடுக்கு மாத்திட்டு, இன்னைக்கே இதைத் தூக்கிடறோம்."

"இனிமே செல்போன்லகூட கணக்கு பார்க்கலாம் மேடம்" என்றார் சாப்ட்வேர் விற்க வந்தவர்.

"சம்பள நாள் அன்னைக்கு நெட் படுத்துக்கிட்டா?"

"அதெல்லாம் நடக்காது மேடம்."

"நடக்காதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

சாப்ட்வேர்காரர் டையைத் தளர்த்திக்கொண்டார்.

முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது. "ஊரே மாறிடுச்சு, நீங்க மட்டும் முரண்டு பிடிச்சா எப்படிம்மா? ஒண்ணு பெட்டி போகணும், இல்ல நீங்க போகணும்."

அம்மா யோசிக்கவே இல்லை. சாவிக்கொத்தை எடுத்து மேஜை மேல் வைத்தார். "நானே போறேன். வருஷ முடிவுக் கணக்கை நீங்களே பார்த்துக்குங்க."

வருஷ முடிவு என்றதும் முதலாளிக்கு வேர்த்தது. கணக்காளர் இல்லாமல் முழிப்பதைவிடத் தும்மிக்கொண்டே இருந்துவிடலாம் என்று தோன்றியிருக்க வேண்டும்.

"சரி, எவ்வளவு நாள் வேணும்?"

"மூணு வாரம். அதுவரைக்கும் இந்த அலமாரிப் பக்கம் யாரும் வரக் கூடாது."

"மூணு வாரம்தான்" என்று இன்னொரு தும்மலோடு முதலாளி வெளியேறினார்.

சாப்ட்வேர்காரருக்கு மனசு ஆறவில்லை. "புதுசுன்னா பயமா மேடம்?"

"பயமா? என் வீட்டுக்காரர் கடைக் கணக்கை ரெண்டு வருஷமா உங்க சாப்ட்வேர்லதான் பார்க்கறேன். நல்லாவே இருக்கு."

"அப்புறம் ஏன் மேடம் வேலையையே பணயம் வச்சீங்க?"

அம்மா வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, அலமாரிக் கதவை மெல்லத் திறந்தார். "குனிஞ்சு பாருங்க. சத்தம் போடாதீங்க."

பெட்டியின் சூட்டில் ஒட்டிக்கொண்டு, இன்னும் கண் திறக்காத குட்டிகளுக்குப் பால் கொடுத்தபடி படுத்திருந்தது, தும்மல் வருகிறதென்று முதலாளி போன வாரம் வாட்ச்மேனை விட்டு விரட்டச் சொன்ன பூனை.