புகைதான் குறி

விளையாட்டு வாத்தியார் ராயப்பன் சார் கைக்குட்டையைப் புல்லில் விரித்து ரிவால்வரை அதன் மேல் வைத்தார்.

"தங்கராசு, நீ ஃபிட்டர். நல்லாப் பாத்துச் சொல்லு. மட்டமா இருந்தா நாளைக்கே திருப்பி அனுப்பிடலாம்."

மைன்ஸில் முதல் ஷிப்ட் முடித்து, குவார்ட்டர்ஸுக்குப் போய்க் குளிக்காமல் நேரே பள்ளிக்கூட மைதானத்துக்கு வந்திருந்தேன். கையெல்லாம் கிரீஸ். சட்டையில் துடைத்துக்கொண்டு எடுத்தேன்.

துப்பாக்கி என்றால் நான் சினிமாவில் பார்த்ததோடு சரி. இது ஓட்டப்பந்தயத்தைத் தொடங்கி வைக்கிற ரிவால்வர். சென்னையிலிருந்து பார்சலில் வந்திருந்தது. ஆனாலும் கையில் எடுத்ததும் நெஞ்சு கொஞ்சம் நிமிரத்தான் செய்தது.

இது தேறினால் சனிக்கிழமை மாவட்டப் போட்டிக்கு ஆள் எடுப்பதை இதை வைத்து நடத்துவார்கள். தேறாவிட்டால் பழையபடி விசில். விசில் என்றால் என் மகள் அன்புக்கரசி இந்த வருஷமும் வீட்டில்தான்.

இரண்டு வருஷமாகப் பார்க்கிறேன். விசில் ஊதினால் எல்லாப் பிள்ளைகளும் கிளம்பிய பிறகுதான் இவள் கிளம்புவாள். கடைசியில் கிளம்பி மூன்றாவதாக வருவாள். எடுப்பதோ இரண்டு பேரை.

"கால் இருக்கு, கவனம் இல்ல" என்று வெளியூர் நடுவர்கள் சொல்லிவிட்டுப் போவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு நடையைக் கட்டுவேன்.

ரிவால்வர் நல்ல கனம். தகரம் இல்லை, உருக்கு. உருளையைச் சுற்றிவிட்டேன். ஒவ்வொரு அறையும் ஆட்டமில்லாமல் டக்கென்று வந்து உட்கார்ந்தது. பிடியில் சொரசொரப்பு இருந்தது, வியர்த்தாலும் நழுவாது. ஒரு திருகு மட்டும் லேசாகத் தளர்ந்திருந்தது, நகத்தாலேயே முடுக்கினேன்.

குழலுக்குள் கண்ணை வைத்தேன். ஒரே இருட்டு.

"சார், ஏமாத்திட்டானுங்க சார். குழா அடைச்சிகினு இருக்குது. எங்க ஒர்க்‌ஷாப்புல ஒரு ட்ரில் போட்டா திறந்துடும்."

சார் சிரித்த சிரிப்பில் மூக்குக் கண்ணாடி கழன்று விழப் பார்த்தது. "குண்டு போகக் கூடாதுன்னுதான்யா அடைச்சே அனுப்புறான். இதுல போடறது வெறும் கேப்பு, பொட்டு வெடி மாதிரி. புகை மேல இருக்கற ஓட்டை வழியா வரும்."

அசடு வழிந்தது. இருந்தாலும் விடவில்லை, குறி எப்படிப் பார்ப்பது என்று கேட்டேன்.

"இதுக்குப் புகைதான் குறி. சத்தம் அந்தக் கோடிக்குப் போய்ச் சேர லேட்டாகும். நேரம் பாக்கறவங்க அதைக் கேட்டு வாட்சை அமுக்கக் கூடாது, புகையைப் பாத்துதான் அமுக்கணும். அது கெட்டியா வருதான்னு பாப்போம்."

இதைச் சொல்லித்தான் அவர் இரண்டு வருஷமாகப் பள்ளிக்கூட ஆபீஸில் ரிவால்வர் கேட்டுக்கொண்டிருந்தார். விசில் போதாதா என்று சிரித்தவர்களிடமும் சலிக்காமல் இதையேதான் சொன்னார்.

நான்கு பிள்ளைகளோடு அன்புக்கரசியையும் கோட்டில் நிறுத்தினார். ஒரு வெடி வெடித்தால் ஓடணும், இரண்டாவது வெடித்தால் நிற்கணும் என்றார். அன்புக்கரசிக்கு எதிரே போய் நின்று விரலைக் காட்டி இன்னொரு முறை சொன்னார். கவனம் இல்லாத பிள்ளை என்று பெயர் வாங்கியவள் அல்லவா.

பிறகு கோட்டுக்குப் பின்னால் நிற்காமல், நாலடி முன்னால் போய் ஓரமாக நின்றார். என்னிடம் தன் கறுப்புக் குடையைக் கொடுத்து, துப்பாக்கிக்குப் பின்னால் விரித்துப் பிடிக்கச் சொன்னார். கறுப்பு இருந்தால்தான் வெள்ளைப் புகை பளிச்சென்று தெரியுமாம். மழையும் இல்லாமல் வெயிலும் இல்லாமல் குடை பிடித்துக்கொண்டு நின்றேன்.

அமுக்கினார்.

புஸ்.

பார்சல் வழியில் நனைந்திருக்க வேண்டும். நமுத்துப்போன தீபாவளி வெடி மாதிரி போய்விட்டது. குடையின் கறுப்பில் புகை மட்டும் திரண்டு எழுந்தது.

நான்கு பிள்ளைகளும் குனிந்தது குனிந்தபடியே இருந்தார்கள்.

அன்புக்கரசி கிளம்பிவிட்டாள்.

அவள் எங்களைத் தாண்டிய பிறகு சார், தப்பாகக் கிளம்பினால் மறுபடி விசில் ஊதி நிறுத்துகிற பழக்க தோஷத்தில், மறுபடி அமுக்கினார். இந்த முறை வெடித்தது பாருங்கள், மரத்துக் காக்கை ஒன்று மிச்சமில்லாமல் எழுந்தது. சாலையில் சைக்கிளில் போனவர் காலை ஊன்றி, "மைன்ஸ்ல வெடியா, இந்நேரத்துல?" என்றார். குடை என் கையிலிருந்து நழுவி விழுந்தது.

அவள் நிற்கவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அன்பு, நில்லு" என்று கத்த வாயைத் திறந்து, அப்படியே மூடிக்கொண்டேன். இரண்டு வயதில் வந்த காய்ச்சலோடு போன காது. இன்றைக்கு மட்டும் கேட்டுவிடப் போகிறதா.

விசிலுக்கு அவள் பக்கத்துப் பிள்ளையின் காலைப் பார்த்துத்தான் கிளம்புவாள். நடுவர்களிடம் உண்மையைச் சொன்னால் ஓடவே விடமாட்டார்களோ என்று நான் பயந்து கிடந்தேன். அவள் கண் போகிற இடத்தைக் கவனித்தவர் ராயப்பன் சார் ஒருவர்தான். ஆபீஸில் வாட்ச் கணக்குச் சொன்னாரே தவிர, பாவப்பட்ட பிள்ளை என்று இவள் பெயரை அவர் ஒருமுறைகூட இழுக்கவில்லை.

மைதானத்தின் அந்தக் கோடியில் அவள் திரும்பினாள். மற்றவர்கள் கோட்டிலேயே நிற்பதைப் பார்த்துத் தலையில் கை வைத்தாள். தப்பு செய்துவிட்டோம் என்று நினைத்திருப்பாள். சார் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கித் தட்டிக் காட்டினார். அவ்வளவு தூரத்திலும் அவள் பல் தெரிந்தது.

"என்னய்யா, தேறிடுச்சா?"

"தேறிடுச்சு சார். நீங்க நல்லா இருக்கணும்" என்றேன். கையெடுத்துக் கும்பிட்டேன், கிரீஸ் கையோடு.

அவர் அதைப் பார்க்காதவர் மாதிரி கீழே உட்கார்ந்து, மீதி கேப்புகளைக் கைக்குட்டையில் கொட்டி, நாளைக்கு வெயிலில் காயவைக்க வேண்டும் என்று முடிச்சுப் போட்டார்.

"பாவம், மத்த பிள்ளைங்களுக்குக் கேக்கணும்ல" என்றார்.