மூன்றாவது ஆம்ப்ளிஃபயர்

கடைக்காரர் வீட்டுக்கே கொண்டுவந்த மூன்றாவது ஆம்ப்ளிஃபயரையும் இசை விமர்சகர் கழித்துக் கட்டினார்.

"செவிட்டுப் பய செஞ்ச பெட்டிய்யா இது! கம்ப்ரஷன்னு சொல்லி ஏத்த இறக்கத்தையே நசுக்கிட்டான். மெல்லிசா ஒரு இடம் உண்டா? எல்லாம் ஒரே இரைச்சல்!"

கடைக்காரர் அசரவில்லை. "அப்ப உங்க பழைய பெட்டியிலயே, நீங்க தலையில வெச்சுக் கொண்டாடற இசைத்தட்டையே போடறேன் சார்."

விமர்சகர் கண்களை மூடிக் காத்திருந்தார். பொறுமை போயிற்று.

"எப்பய்யா போடப்போறே?"

கண்ணைத் திறந்தார். பெட்டியில் ஒலியளவு காட்டும் பச்சை விளக்குகள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. பக்கத்து நாற்காலியின் கையில் தாளம் போட்டுக்கொண்டிருந்த மனைவியின் விரல்கள் அப்படியே நின்றன.

"என்னங்க... வயலின் மெல்லிசா ஆரம்பிச்சு ரெண்டு நிமிஷமாச்சே!"

அவர் கை தானாகக் காதைத் தொட்டது.