வெயிலில் ஒழுகிய கூரை

"இந்த வாளி இங்க எதுக்கு சிஸ்டர்? இன்னைக்குன்னு பார்த்து என் மானத்தை வாங்கணுமா?"

பிரசவ வார்டின் நட்டநடுவில் நின்று பல்லைக் கடித்தார் பெரிய டாக்டர். மேலிருந்து ஒரு சொட்டு வாளிக்குள் விழுந்தது.

"ஒழுகுது சார். வைக்காம என்ன பண்றது?" என்றார் சிஸ்டர்.

"மழை பெஞ்சு மாசக்கணக்காச்சு. இப்ப போய் ஒழுகுதா?"

"பழைய கட்டடம் சார். அதுக்குத் தோணினப்ப ஒழுகும்."

டாக்டருக்கு ஆத்திரம் வராமல் இருக்குமா? ஒரு வாரமாக ஆள் வைத்து வெள்ளையடித்திருந்தார். விரிசலையெல்லாம் சிமெண்டு வைத்துப் பூசியிருந்தார். இன்றைக்கு ஆய்வு. கட்டடம் நல்ல நிலையில் இருக்கிறது என்று அதிகாரி எழுதிவிட்டால், டாக்டருக்குத் தலைமை அலுவலகத்தில் நாற்காலி நிச்சயம்.

வருஷா வருஷம் இதே கூத்துதான். ஆய்வு வெயில் காலத்தில் வரும். கூரை மழைக் காலத்தில் ஒழுகும். வருகிறவர் சுண்ணாம்பு வாசனையை மோந்து பார்த்து "நல்ல நிலை" என்று எழுதிவிட்டுப் போவார். புதுக் கட்டடம் வேண்டும் என்ற கோரிக்கை அத்தோடு படுத்துவிடும்.

போன மழையில் கூரைக் காரை பெயர்ந்து ஒரு தொட்டிலின் மேல் விழுந்தது. பால் கொடுக்க அம்மாக்காரி அப்போதுதான் பிள்ளையைத் தூக்கியிருந்தாள். அதற்குப் பிறகு மழை என்றாலே சிஸ்டருக்குத் தூக்கம் கிடையாது.

இந்தத் தடவை வருகிறவர் கறார் பேர்வழி என்று பேச்சு. இதற்கு முந்தின ஆஸ்பத்திரியில் பொய்க் கணக்குச் சொன்ன ஒரு நர்ஸை நின்ற இடத்திலேயே வேலையை விட்டு நிறுத்தினாராம்.

வாசலில் ஹாரன் கேட்டது.

"ஐயோ, அந்த வாளியை எடும்மா" என்று ஆயாவை விரட்டினார் டாக்டர். ஆயா எடுத்தாள். அதிகாரி சரியாக அந்த இடத்தில் வந்து நின்றார். சொட்டு அவர் வழுக்கையில் விழுந்தது.

அண்ணாந்து பார்த்தார். "என்ன இது?"

"மழைத் தண்ணி சார். ராத்திரி நல்ல மழை" என்றார் சிஸ்டர், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

ஜன்னலுக்கு வெளியே புழுதி பறந்துகொண்டிருந்தது.

"மழையா?"

முதல் கட்டிலில் இருந்த தையல்காரி பிள்ளையைத் தட்டிக்கொண்டே, "இடி வேற சார். புள்ள ராத்திரி பூரா தூங்கலை" என்றாள்.

"மின்னலைச் சொல்லு. கண்ணே போயிருக்கும்" என்றாள் அடுத்த கட்டில்காரி.

திருடனுக்குத் தேள் கொட்டின கதையாக விழித்தார் டாக்டர். மழை இல்லை என்றால், மழை இல்லாமலே ஒழுகுகிறதா என்று கேட்பார். மழை என்றால், ஒழுகுகிறது என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும். "அது வந்து சார்..." என்று இழுத்தார்.

"மாடிக்கு எப்படிப் போகணும்?"

கேட்டவர் பதிலுக்கு நிற்காமல் படியைத் தேடி நடந்தார்.

சிஸ்டர் படிப் பக்கம் எட்டிப் பார்த்தார். ஆயா பக்கத்தில் வந்து கிசுகிசுத்தாள். "தண்ணி கொண்டுபோன வாளி நாலும் மேலேயே கிடக்கு சிஸ்டர். நம்ம வார்டு பேரு வேற எழுதியிருக்கு."

"ஏன் இறக்கலை?"

"முட்டி ஒத்துழைக்கலை. பரவாயில்லை, நான்தான் ஊத்தினேன்னு சொல்லிடறேன்."

"நீ வாயைத் திறக்காதே. ஊத்தச் சொன்னது நான். வேலை போனா எனக்குப் போகட்டும்."

இருவரும் கிசுகிசுப்பதைப் பார்த்ததும், மழை இல்லாமல் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பது டாக்டருக்கு உறைத்தது. முகத்தில் களை வந்துவிட்டது. "சார், நானும் வரேன். மேல நீங்க ஒண்ணு பார்க்கணும்" என்று பின்னாலேயே ஓடினார்.

கனத்த உடம்பு, செங்குத்தான படி. பாதியில் நின்று அவர் மூச்சு வாங்கியது வார்டு வரைக்கும் கேட்டது.

கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் இறங்கி வந்தார்கள். டாக்டர் முகத்தில் அசடு வழிந்தது.

"மேல ஒண்ணும் இல்லை. தரை ஈரமா இருக்கு, அவ்வளவுதான்" என்று யாரையும் பார்க்காமல் முனகினார்.

சிஸ்டரும் ஆயாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அதிகாரி நாற்காலியை இழுத்துப் போட்டு எழுதினார். எழுதியதை உரக்கப் படித்தார். "கூரை ஒழுகுகிறது. புதுப் பூச்சுக்கு அடியில் பழைய விரிசல்கள் இருக்கின்றன. நோயாளிகளை இங்கே வைத்திருப்பது ஆபத்து. மழைக்கு முன் வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு, இதை இடித்துப் புதிதாகக் கட்ட வேண்டும்."

தையல்காரி பிள்ளைக்கு ஒரு முத்தம் கொடுத்தாள். டாக்டர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

"சிஸ்டர், கார் வரைக்கும் கொஞ்சம் வாங்க."

கட்டடம் வந்தது, வேலை போச்சு என்று நினைத்துக்கொண்டே நடந்தார் சிஸ்டர். பிள்ளைகள் பிழைத்தால் சரி.

வெளியே வெயில் கொளுத்தியது.

"சார், மழைன்னு நான் சொன்னது..."

"நல்ல கூரைக்கு மேல எத்தனை வாளி ஊத்தினாலும் ஒரு சொட்டு கீழ வராதும்மா" என்று சொல்லிவிட்டு அதிகாரி காரில் ஏறினார்.

வண்டி கிளம்பியது. நாலடி போய் நின்றது. கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினார்.

"நாலு வாளியும் மாடியில உடைஞ்ச தண்ணித் தொட்டிக்குள்ள கிடக்கு, எடுத்துக்கங்க. உங்க டாக்டர் பாதிப் படியில நின்னு மூச்சு வாங்கினாரு பாருங்க, அதுக்குள்ள என்னால அவ்வளவுதான் ஒளிச்சு வைக்க முடிஞ்சுது."