படகில் எழுதிய பெயர்

மூடுபனியில் முதலில் கலங்கரை விளக்கம் மறைந்தது. பிறகு அலைத்தடுப்புச் சுவர். பிறகு தண்ணீர்.

அவர் படகுத்துறையில் ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முதுகு நாற்காலியில் படவில்லை.

மகனும் பேத்தியும் விடியும்போதே சால்மன் பிடிக்கப் போனவர்கள். காலைச் சாப்பாட்டுக்குத் திரும்புவதாகப் பேச்சு. இப்போது மதியச் சாப்பாடும் ஆறிவிட்டது.

மிஷிகன் ஏரியில் கப்பல்கள் போகும். கல் ஏற்றிய பெரிய கப்பல்கள். அப்படி ஒன்று வெள்ளைக்குள் எங்கோ ஊதியது. எந்தத் திசை என்று தெரியவில்லை.

அவரையும் கூப்பிட்டார்கள். மாட்டேன் என்றுவிட்டார். இந்த ஊருக்கு வந்ததிலிருந்து ஒருநாளும் அந்தப் படகில் அவர் ஏறவில்லை.

படகின் பின்புறத்தில் அவருடைய தகப்பனார் பெயர் இருந்தது. ஆங்கிலத்தில், நீல எழுத்தில்.

அதை ஒட்டித்தான் ஏணி. நீந்திவிட்டு வருகிறவர்கள் ஈரக்காலை அந்தப் பெயரில் ஊன்றித்தான் மேலே ஏறினார்கள்.

"தாத்தா பேரத்தானப்பா வச்சிருக்கேன்" என்றான் மகன், முதல் நாள்.

"பேர வச்சே. மரியாதைய எங்கல வச்சே?"

"பிள்ளைன்னும் சேத்து எழுத இடம் பத்தலப்பா."

"பத்தலன்னா ஏதாவது மீன் பேர எழுது. எங்கப்பாவ வெட்டாத."

பேத்திக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "கொள்ளுத்தாத்தாவே தண்ணில இறங்கிட்டாரு. நீங்க கரையிலயே நில்லுங்க தாத்தா."

ஊரில் தகப்பனார் ஆவுடையப்ப பிள்ளை. தெருவில் யாரும் அதைக் குறைத்துச் சொன்னதில்லை. வீட்டில் யாரும் சொன்னதே இல்லை.

பள்ளிக்கூடத்தில் வாத்தியார் தகப்பன் பெயரைக் கேட்டபோது இவர் சிலேட்டில் எழுதிக் காட்டினார். வாய் திறக்காததற்குப் பிரம்படி வாங்கினார். பின்னாளில் பத்திரப்பதிவு அலுவலகத்தில் உட்கார்ந்து, வந்தவர்களிடமெல்லாம் தகப்பன் பெயர் கேட்டார். தன்னுடையதை மட்டும் வாயால் சொன்னதில்லை.

இங்கே ஏரி முழுக்கச் சொல்கிறார்கள், அவர்கள் வாய்க்கு நுழைந்த மட்டும். மீன் கழுவும் மேடையில். பெட்ரோல் போடும் இடத்தில். இன்றைக்கு அவ்டே எத்தனை பிடித்தான்?

அவ்டே.

ரேடியோவில் இன்னும் மோசம். அங்கே ஆளின் பெயருக்கு இடமில்லை. படகின் பெயரை மூன்று முறை சொல்லிக் கூப்பிடுவார்கள். கேட்டவனும் படகின் பெயரைச் சொல்லித்தான் பேசுவான்.

பக்கத்துப் படகுக்காரர் ஆர்னி ஆறடி உயரம். மார்பு வரை தாடி. படகுக்குத் தன் தாயார் பெயரை வைத்திருந்தார். ரேடியோவை எடுத்தால், பெட்டி ஜேன் பேசுகிறேன் என்று கரகரப்பார். யாரும் சிரிப்பதில்லை.

இன்று ஆர்னிதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அவ்டே, அவ்டே, அவ்டே. பெட்டி ஜேன்.

இரைச்சல்தான் வந்தது.

மறுபடி. மறுபடி.

கப்பல் ஊதியது. முன்பைவிடப் பக்கத்தில்.

ஆர்னி கை ரேடியோவை அவர் மடியில் வைத்தார். தான் துறையின் முனைக்குப் போய் ஹாரன் அடிக்கப் போவதாகச் சொன்னார். சத்தம் கேட்டால் கரை எந்தப் பக்கம் என்று அவர்களுக்குப் புரியும்.

"இதை அழுத்துங்கள். பெயரைச் சொல்லுங்கள். கையை எடுத்துவிட்டுக் கேளுங்கள். நிறுத்தாதீர்கள்."

நடந்தார். பத்தடியில் அவர் முதுகு மங்கியது.

ரேடியோ கனமாக இருந்தது. ஆர்னியின் கைச்சூடு அதில் இன்னும் இருந்தது.

அவர் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார். தொண்டையைச் செருமினார். அழுத்தினார்.

"ஆவுடையப்ப பிள்ளை அவர்கள்."

கையை எடுத்தார். இரைச்சல்.

பனிக்குள்ளிருந்து ஆர்னியின் குரல் வந்தது. மொழி தெரியாவிட்டாலும் நீளம் தெரிந்திருக்கிறது.

"அது இல்லை. படகில் எழுதியிருப்பதை மட்டும்."

அவர் ரேடியோவை மடியில் இறக்கினார்.

ஹாரன் ஒரு முறை அடித்து நின்றது. தண்ணீர் துறையின் கால்களை மோதிக்கொண்டிருந்தது. பேத்தி தன் சிவப்புத் தொப்பியை மறந்துபோய்ப் பலகையில் வைத்துவிட்டுப் போயிருந்தாள். அது நனைந்து கருத்துவிட்டது.

கப்பல்.

அழுத்தினார்.

"ஆவுடையப்பன்."

சொன்னது தன் காதிலேயே விழவில்லை.

"ஆவுடையப்பன்."

மூன்றாவது முறை கத்தினார். தெருமுனையில் நிற்பவனைக் கூப்பிடுவது போல.

"ஆவுடையப்பா!"

இரைச்சல். இரைச்சல். அதற்குள் எஞ்சின் சத்தம். அதற்கும் உள்ளிருந்து ஓர் ஆண் குரல், உடைந்து உடைந்து.

"ஆவுடையப்பன் பேசுறேன். யாரு... யாரு கூப்பிடுறது?"

அவர் நாற்காலியிலிருந்து எழுந்திருந்தார். எப்போது எழுந்தார் என்று தெரியவில்லை.

செருப்பைக் கழற்றினார். ஓரமாகத் தள்ளினார். பலகை சில்லென்றிருந்தது.

அழுத்தினார்.

"நான்தாம்ப்பா" என்றார்.