முதலில் தேடும் டிஸ்க்

பிரிக்பீல்ட்ஸில் மோனோரயில் கடக்கும்போதெல்லாம் புஷ்பராணியின் போட்டோஸ்டேட் கடைக் கண்ணாடி அதிர்ந்து, அதில் விழுந்த காலை வெயிலும் சேர்ந்து நடுங்குகிறது. கம்ப்யூட்டரின் கறுப்புத் திரையில் ஒற்றை வெள்ளைக் கோடு மின்னி மின்னி மறைகிறது. "பாத்தீங்களா ஆன்டி, வெளிய இருந்து சொருகுற டிஸ்க், இப்ப இல்லாத அதத்தான் முதல்ல தேடுது," என்கிறான் பழுதுபார்க்க வந்த யூசுப். "அது கிடைக்கலன்னு தெரிஞ்ச பிறகுதான் உள்ள இருக்கிற டிஸ்க்க எடுக்குது. தேடுற வரிசைய மாத்திட்டா டக்குனு ஓப்பன் ஆயிடும்லா." அந்த டிஸ்க்கைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, போன தீபாவளிக்கு முன்பு சண்டையோடு படியிறங்கிப் போன மகள் தர்ஷினி இன்னும் போனை எடுப்பதில்லை. அவள் விட்டுப்போன டிஸ்க் ஒயர் மட்டும் மேசை ஓரத்தில் சுருண்டு கிடக்கிறது. புஷ்பராணி தினமும் அதைத் தூசி துடைத்து அதே இடத்தில் வைக்கிறாள். வாசலில் ஐசி என்ற அடையாள அட்டையை நகலெடுக்க நான்கு பேர் நிற்கிறார்கள். "இன்னும் ஆன் ஆகலையா அக்கா?" என்று ஒருவர் எட்டிப் பார்க்கிறார். யூசுப்பின் விரல் கீபோர்டுக்குப் போகிறது. "இருங்க தம்பி. மாத்திட்டா, அவ வந்து சொருகுறப்ப அவளோடது தானா தொறக்குமா?" என்று அவனைத் தடுக்கிறாள் புஷ்பராணி. "தொறக்காது ஆன்டி. உள்ள இருக்கிறதுதான் வரும்." திரையில் கோடு மின்னுகிறது, மறைகிறது, மின்னுகிறது. "அப்ப அது தேடட்டும் தம்பி," என்கிறாள் புஷ்பராணி. "எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."