நான்காவது நிமிடம்

"நாலாவது நிமிஷத்த மறுபடி போடுங்க, தம்பி," என்றார் அப்புத்துரை, காதைக் கையால் குவித்தபடி.

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையை ஒட்டிய சந்தில், மாடியில் இருந்தது ஹனீபாவின் ஆடியோ கடை. அவர் கைப்பேசித் திரையைத் தொட்டு, மூன்றாம் முறையாகப் பாட்டை அதே இடத்துக்கு நகர்த்தினார். இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நடுவே ஓர் இளைஞனின் குரல் எழுந்தது. பாதி வரியில் இருமல். பிறகு ஒன்றுமில்லை.

பெரியவர் ஸ்பீக்கர் பக்கம் பார்க்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் அருந்ததியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் தம்பி ஹரிசங்கர் கடைசியாப் பாடினது, அண்ணே," என்றாள் அவள். "வீட்ல ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணிக்கிட்டு இருந்தப்பவே ஆஸ்துமா வந்திருச்சு. நான் காய்கறி வாங்கப் பாசாருக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து பாத்தா..."

கொஞ்ச நேரம் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினாள். "ஒன்பது வருஷமா அப்பா இயர்ஃபோன மாட்டிக்கிட்டுத் தனியாவே கேக்கறாரு. எனக்குத்தான் தைரியம் வரல. இனிமே ஹால்ல ரெண்டு பேரும் சேந்து கேக்கலாம்னு இழுத்துக்கிட்டு வந்தேன். அவருக்குக் காது வேற மந்தம் லா. நல்ல பெரிய செட்டாக் காட்டுங்க."

விளக்கிச் சொல்வதென்றால் ஹனீபாவுக்குச் சோறு வேண்டாம். "இந்த மெல்லிசுப் பெட்டி ஸ்ட்ரீமர், தங்கச்சி. வீட்டு வைஃபையில இருந்து பாட்ட எடுத்துக் குடுக்கும், அவ்வளவுதான். அத ஸ்பீக்கருக்குப் போதுமான அளவு பெருசாக்கறது ஆம்ப். சின்ன ஆம்ப்ல அதோட சொந்த இரைச்சலும் கொஞ்சம் கலந்து வரும். ரொம்ப மெல்லிய சத்தமெல்லாம் அதுக்குள்ள முங்கிப் போயிரும். இப்பக் கேட்டது சின்னது."

தெருவில் ஒரு ஹார்ன் விடாமல் அலறியது.

"ஐயோ, என் கெரேத்தா! யாரு வழியவோ மறைச்சிட்டேன் போல!" அருந்ததி கார் சாவியை எடுத்துக்கொண்டு மரப்படிகளில் தடதடவென்று இறங்கினாள்.

அவள் போனதும் அப்புத்துரை மெதுவாகச் சொன்னார். "அந்த மூலையில இருக்கற பெட்டி முனகுதே, தம்பி."

அறையின் மறுகோடியில், கண்ணாடிக் குழல்கள் சிவந்து எரியும் பழைய வால்வு ஆம்ப் ஒன்று இருந்தது. ஹனீபா எழுந்து போய் அதன் மூடியில் காதை ஒட்டிவைத்த பிறகுதான் அவருக்கே அந்த முனகல் கேட்டது. ஆச்சரியத்தோடு அதை அணைத்துவிட்டு, பெரிய ஆம்பில் ஒயரை மாற்றினார்.

"இது தன் பங்குக்கு எதையும் சேக்காது, ஐயா. அழுக்குக் கண்ணாடியத் துடைச்ச மாதிரி. அன்னிக்கு அந்த வீட்ல என்னென்ன இருந்துச்சோ, அத்தனையும் வரும்."

வந்தது. சுவர்க் கடிகாரம் வந்தது. மின்விசிறி வந்தது. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அந்தப் பையன் இழுத்த மூச்சு வந்தது. நான்காவது நிமிடத்தில் இருமல். அதற்குப் பிறகு, இதுவரை வெறுமையாக இருந்த இடத்தில், காற்றே இல்லாத ஒரு குரல் கேட்டது. "மருந்து... மருந்து..."

எங்கோ உள்ளிருந்து, ஒரு சுவருக்கு அப்பாலிருந்து, ஒரு பெண் குரல் நீட்டிப் பதில் சொன்னது. "இதோ... வர்றேன்டா!"

பிறகு கடிகாரம் ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. யாரும் வரவில்லை.

ஹனீபா பெரியவர் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களா, ஐயா? உள்ள யாரோ..."

"எனக்கு ஒண்ணும் கேக்கல," என்றார் அப்புத்துரை. "சின்னதே போதும்."

"ரெண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம், ஐயா!"

"எனக்குத் தெரியல. சின்னதையே கட்டிக் குடுங்க." அவர் படிக்கட்டுப் பக்கம் திரும்பினார். "அருந்ததி! பாத்து முடிச்சாச்சும்மா!"

கீழிருந்து, சுவருக்கு அப்பாலிருந்து பதில் வந்தது. "இதோ... வர்றேன்ப்பா!"

ஹனீபாவின் விரல் திரைமேல் அப்படியே நின்றது. இருபது வருடம் குரல்களைக் கேட்டே பிழைத்த காது அவருடையது. அதே நீட்டல். அதே ஏற்றம்.

அருந்ததி மூச்சிரைக்க மேலே வந்தாள். "பெரிசு எப்படி இருந்துச்சுப்பா?"

"எல்லாம் ஒண்ணுதான்."

"உங்க காதுக்கு இடி விழுந்தாலும் ஒண்ணுதான்!" அவள் சிரித்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தாள். "எனக்கு ஒரு தடவ போடுங்க, அண்ணே. நான் கேட்டுச் சொல்றேன்."

பெரிய ஆம்பின் நீல விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அப்புத்துரையின் கை நாற்காலிப் பிடியை இறுக்கிக்கொண்டது.

"அது சூடேறிருச்சு, தங்கச்சி," என்றார் ஹனீபா. "இன்னிக்குப் போட முடியாது." கை நீட்டி விளக்கை அணைத்தார்.

"சரி லா. அப்பா கேட்டதையே குடுங்க." அவள் ஸ்ட்ரீமர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, காரில் வைக்க முன்னால் இறங்கிப் போனாள்.

சின்ன ஆம்பை அட்டைப்பெட்டியில் இறக்கிய ஹனீபா, பெரியவர் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார். "ஐயா, அவங்க பாசாருக்குப் போனதாச் சொன்னாங்களே... உங்களுக்கு நெசமாவே கேக்கலையா?"

அப்புத்துரை இப்போது காதைக் குவிக்கவில்லை.

"ஒன்பது வருஷமாக் கேக்குது, தம்பி. அவளுக்குக் கேக்கக் கூடாது."